கொசுவைத் துரத்திய அரையாண்டு: மலேசியப் பன்றிப் பண்ணைகளில் நிப்பா, 1998–99

1998 செப்டம்பர் மாதக் கடைசியில், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போ நகரைச் சுற்றியுள்ள பன்றிப் பண்ணைகளில் வேலை பார்த்தவர்கள் சிலர் கடுங்காய்ச்சலும் தலைவலியுமாக மருத்துவமனைக்கு வந்தனர். ஓரிரு நாள்களில் அவர்களுக்கு நினைவு தடுமாறியது. சிலருக்கு வலிப்பு கண்டது. சிலர் மயக்கத்திலிருந்து மீளவே இல்லை. அடுத்த ஆண்டு மே மாத இறுதிக்குள் மலேசியாவில் 265 பேர் இந்நோய்க்கு ஆளாகி, அவர்களில் 105 பேர் இறந்திருந்தனர். ஏறத்தாழ 11 லட்சம் பன்றிகள் கொன்று புதைக்கப்பட்டன. நாட்டிலிருந்த 1,885 பன்றிப் பண்ணைகளில் 829 மட்டுமே எஞ்சின.

நிப்பா என்ற பெயர் இன்று செய்தித்தாள் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெயர் கிடைப்பதற்கு முன் ஏறத்தாழ ஆறு மாத காலம் அந்நோய் வேறொரு நோயின் பெயரில் நடமாடியது. அந்த வேறொரு நோய்க்குரிய மருந்தும் தடுப்பூசியும் புகையும்தான் அதன்மீது ஏவப்பட்டன. விலங்குகளிலிருந்து மனிதருக்குத் தாவும் நோய்களைப் பற்றிப் படிப்பவர்கள் இந்த நிகழ்வைப் பெரும்பாலும் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து தொடங்கிப் படிக்கிறார்கள். அதற்கு முந்தைய அரையாண்டுதான் கால்நடை மருத்துவருக்குப் பாடம் என்பது என் கருத்து. முதலில் செய்யப்பட்ட தவறான நோய் நிர்ணயம் அலட்சியத்தால் நேர்ந்ததன்று. அதில் பாதி உண்மை இருந்தது. அதனாலேயே அது அவ்வளவு நாள் தாக்குப்பிடித்தது. மீதிப் பாதி பன்றிக் கொட்டகையில் இருந்தது.

முதல் முடிவு

ஈப்போவில் நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்களும் சுகாதாரத் துறையினரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்ற முடிவுக்கு வந்ததில் வியப்பில்லை. அந்நோய் மலேசியாவில் ஏற்கெனவே வேரூன்றியது. அதன் வைரஸ் கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிடம் வாழ்கிறது. வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் வகைக் கொசு அதைப் பன்றிக்குக் கொண்டுவருகிறது. பன்றியின் ரத்தத்தில் அது பன்மடங்காகப் பெருகி, மீண்டும் கொசுவின் வழியாக மனிதருக்கு வருகிறது. பன்றிப் பண்ணை, கொசு, மூளைக்காய்ச்சல் என்ற மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் எந்தப் பாடப்புத்தகமும் இந்த ஒரு விடையையே கூறும். போதாக்குறைக்கு, சில நோயாளிகளின் ரத்தத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான எதிர்ப்பொருள்களும், அதாவது அந்தத் தொற்றை எதிர்க்க உடல் உண்டாக்கிய பொருள்களும், காணப்பட்டன. அந்நோய் நிலவும் ஒரு பகுதியில், பன்றிகளோடு நாளெல்லாம் கழிப்பவர்களிடம் அத்தகைய எதிர்ப்பொருள் இருப்பது எதிர்பார்க்கக்கூடியதுதான் என்ற எண்ணம் அப்போது முன்னுக்கு வரவில்லை. கேள்விக்கு விடை தேடிச் சென்ற சோதனை ஒரு விடையைத் தந்துவிட்டது. விடை கிடைத்தபின் கேள்வி மூடப்பட்டது.

அதன்படியே நடவடிக்கைகளும் அமைந்தன. பண்ணைகளிலும் குடியிருப்புகளிலும் கொசு மருந்துப் புகை அடிக்கப்பட்டது. மக்களுக்கும் பன்றிகளுக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடப்பட்டது. நோய் நிற்கவில்லை.

நோய் நிற்கவில்லை என்பது தெரிவதற்கு முன்பே பொருந்தாமைகள் கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்று இப்போது கூறுவது எளிது. அன்றே அவற்றைச் சுட்டியவர்களும் இருந்தனர். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும் நோய். அது நிலவும் நாட்டில் வளர்ந்தவர்களுக்குச் சிறு வயதிலேயே நோயெதிர்ப்பு வந்துவிடுகிறது. இங்கே படுத்தவர்களோ உழைக்கும் வயதினர். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் பின்னர் விரிவாக ஆராயப்பட்ட 94 நோயாளிகளின் சராசரி வயது 37. பெண்களைவிட ஆண்கள் நாலரை மடங்கு. 93 விழுக்காட்டினர் பன்றிகளை நேரடியாகக் கையாண்டவர்கள். வீட்டில் தூங்கிய குழந்தைகளை விட்டுவிட்டுக் கொட்டகையில் வேலை செய்த தகப்பனை மட்டும் தேடிப் பிடிக்கும் கொசு எதுவும் இல்லை.

இனப் பரம்பல் அதைவிடத் தெளிவான சான்று. நோயாளிகளில் பெரும்பாலோர் சீனர்கள். அடுத்தபடியாகப் பண்ணைகளில் கூலிக்கு வேலை பார்த்த இந்திய வம்சாவளியினர். பக்கத்துக் கிராமங்களில் வாழ்ந்த மலாய்க்காரர்கள் முஸ்லிம்கள் என்பதால் பன்றியைத் தொடாதவர்கள். அவர்களிடையே நோய் அரிதாகவே தென்பட்டது. கொசு மதம் பார்த்துக் கடிப்பதில்லை. இவற்றோடு, ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு முறையாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோய்வாய்ப்பட்டனர்.

கொட்டகைக்குள்

மனிதர்களுக்கு நோய் கண்ட பண்ணைகளில் அதற்குச் சற்று முன்பு பன்றிகளும் நோயுற்றிருந்தன. கால்நடை மருத்துவக் கோணத்தில் இந்த நிகழ்வின் மையம் இதுதான். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் வளர்ந்த பன்றியை நோயில் தள்ளுவதில்லை. சினைப்பன்றிக்குக் குட்டிகள் செத்துப் பிறக்கலாம், கரு கலையலாம், அவ்வளவே. இந்தப் பண்ணைகளில் கேட்டது இருமல்.

ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை வயதுள்ள வளரும் பன்றிகளுக்கு உடல்வெப்பம் 40 பாகை செல்சியசுக்கு மேல் ஏறியது; மூச்சுத் திணறியது; சளி வராத, வறண்ட, உரத்த இருமல் தொடர்ந்தது. நாய் குரைப்பதைப் போல ஒலித்ததால் அதற்குக் குரைக்கும் பன்றி நோய் என்ற பெயர் ஏற்பட்டது; ஒரு மைல் தொலைவுக்குக் கேட்கும் இருமல் என்றும் பண்ணை வட்டாரத்தில் கூறினர். சில பன்றிகளின் உடல் நடுங்கியது. ஓட்டினால் பின்னங்கால்கள் துவண்டன. தாய்ப்பன்றிகளிலும் ஆண்பன்றிகளிலும் நோய் வேறு வடிவம் எடுத்தது. நேற்று வரை நன்றாகத் தின்ற தாய்ப்பன்றி விடிந்ததும் செத்துக் கிடந்தது. அல்லது கூண்டுக் கம்பியில் தலையை அழுத்திக்கொண்டு, கம்பியைக் கடித்தபடி, வாயில் நுரை தள்ள நின்றது. பால்குடிக்கும் குட்டிகளிடையே சாவு மிகுந்திருந்தது. கொட்டகையில் நுழைந்த தொற்று ஏறத்தாழ எல்லாப் பன்றிகளையும் தொட்டது. ஆனால் பால்குடி கடந்தவற்றில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவையே செத்தன.

அந்தக் கடைசி எண்ணில்தான் சிக்கல் இருந்தது. ஆயிரக்கணக்கான பன்றிகளை நெருக்கமாக அடைத்து வளர்க்கும் பண்ணையில் இருமலும் ஐந்து விழுக்காட்டுச் சாவும் செய்தியே ஆகாது. நுரையீரல் அழற்சி தரும் பாக்டீரியாக்களும் பன்றிக் காய்ச்சலும் அங்கு வழக்கமாக வந்துபோகும் விருந்தாளிகள். மூளை தொடர்பான அறிகுறிகளை மட்டும் பார்த்தவர் ஒரு நோயையும், இருமலை மட்டும் பார்த்தவர் வேறொரு நோயையும் நினைத்திருப்பார். ஒரே கொட்டகையில் வயதுக்கேற்ப இரண்டு முகம் காட்டும் ஒரே நோய் என்று கொள்வதற்கு, மனித நோயாளிகளின் பட்டியலையும் பன்றிகளின் நோய்க்குறிப்பையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். மருத்துவமனை ஓர் அமைச்சின் கீழும் கால்நடைத் துறை வேறோர் அமைச்சின் கீழும் இருக்கும் நாடுகளில் அந்த மேசை இயல்பாகக் கிடைப்பதில்லை. மலேசியா அதற்கு விதிவிலக்கல்ல, நாமும் அல்ல.

இருமலுக்கு இன்னொரு பொருளும் உண்டு. மனித உடலில் இந்த வைரஸ் முதன்மையாகச் சிறு ரத்தக்குழாய்களின் உட்சுவரைத் தாக்கி, மூளையில் ஆங்காங்கே ரத்த ஓட்டத்தை அடைத்துவிடுகிறது. பன்றியில் அது மூச்சுக்குழாய்களின் உட்சவ்விலும் பெருகுகிறது. ஆகவே இருமும் பன்றி தன் முன்னால் நிற்பவர்மீது வைரசைத் தெளிக்கிறது. மருந்து ஊட்டுவதற்காகப் பன்றியின் வாயைப் பிடித்துத் திறப்பவர், குட்டி ஈனும்போது கையுதவி செய்பவர், செத்ததை இழுத்து அப்புறப்படுத்துபவர் ஆகியோரே அந்தத் தெளிப்பின் நேர் எதிரே இருந்தனர். நோயாளிகளின் முகவரிப் பட்டியல் பண்ணை வேலைப் பட்டியலோடு ஒத்துப்போனதற்குக் காரணம் இதுதான்.

தெற்கே போன லாரிகள்

ஈப்போ வட்டாரத்தில் நோய் இருந்தவரை அது ஒரு மாவட்டத்தின் பிரச்சினை. 1998 டிசம்பரிலிருந்து அது தெற்கே நெகிரி செம்பிலான் மாநிலத்திற்கு வந்தது. முதலில் சிரம்பானை அடுத்த சிக்காமட்டிலும், பிறகு போர்ட்டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா பகுதிகளிலும் நோயாளிகள் தோன்றினர். இவை பன்றி வளர்ப்பில் நாட்டிலேயே பேர்போன ஊர்கள். மொத்த நோயாளிகளில் பெரும்பாலோர் இந்த வட்டாரத்தைச் சேர்ந்தவர்களே.

வைரசைத் தெற்கே கொண்டுவந்தவை லாரிகள். வடக்கே நோய் என்ற பேச்சு பரவியதும் அங்குள்ள பண்ணையாளர்கள் பன்றிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டனர். அவர்களைக் குறைசொல்வதற்கு முன் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: கொசுவால் பரவும் நோய் என்று அரசே கூறிக்கொண்டிருக்கையில், பன்றியை விற்பதில் தவறிருப்பதாக அவர்கள் எண்ணுவதற்குக் காரணமே இல்லை. தவறான நோய் நிர்ணயத்தின் மிகப்பெரிய சேதம், தடுப்பூசிக்கும் புகைக்கும் செலவான பணத்தில் இல்லை. விலங்கு நடமாட்டத்தைத் தடுக்காமல் விட்டதில் இருந்தது. ஒரே வட்டாரத்துப் பண்ணைகளுக்கிடையே விந்து பரிமாற்றம், பல பன்றிகளுக்கு ஒரே ஊசியைப் பயன்படுத்துதல், நாய், பூனைகளின் நடமாட்டம் ஆகியவையும் பரவலுக்கு உதவியிருக்கலாம் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கருதினர். ஊசி பற்றிய ஐயம் சரியானால், தடுப்பூசி போட்ட கையே நோயையும் கொண்டுசென்றிருக்கலாம். இது நிறுவப்படவில்லை, ஆயினும் கால்நடை மருத்துவர் எவரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாத ஐயம்.

1999 மார்ச்சில் நோய் கடல் கடந்தது. மலேசியாவிலிருந்து இறக்குமதியான பன்றிகளை அறுத்த சிங்கப்பூர் இறைச்சிக்கூடப் பணியாளர்களில் 11 பேர் நோயுற்று, ஒருவர் இறந்தார். அவர்கள் எவரும் பண்ணை வட்டாரத்தில் வசித்தவர்கள் அல்லர். பன்றி மட்டுமே பொதுவாக இருந்த இந்தச் சிறு குழு, கொசுக் கொள்கையில் மிச்சமிருந்த நம்பிக்கையையும் போக்கியிருக்கும். அதற்குள் விடை வேறு வழியில் வந்துவிட்டது.

பெயர் கிடைத்த விதம்

மலாயாப் பல்கலைக்கழகத்தில் அப்போது வைரஸ் இயலில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த மருத்துவர் சுவா காவ் பிங், இறந்த நோயாளிகளின் தண்டுவட நீரை உயிரணு வளர்ப்பில் இட்டுப் பார்த்தார். சில நாள்களில் உயிரணுக்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து, பல கருக்கள் கொண்ட பெரும் திரள்களாகிக் கிடந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் அப்படிச் செய்வதில்லை. தட்டம்மை வைரஸ் அடங்கிய பாராமிக்சோ குடும்பத்தின் கைவரிசை அது. மாதிரிகளை அவரே அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றார். அங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில், 1994இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் குதிரைகளையும் ஒரு குதிரைப் பயிற்சியாளரையும் கொன்ற ஹெண்ட்ரா வைரசுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இந்த வைரசோடும் வினைபுரிந்தன. அதே வைரஸ் அன்று. ஆனால் நெருங்கிய உறவு. முதல் வைரஸ் கிடைத்த நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவே அதன் பெயராயிற்று. சுங்கை என்றால் ஆறு. நிப்பா என்பது கழிமுகச் சேற்றில் வளரும் ஒரு பனை. ஊர்மக்கள் அந்தப் புகழை விரும்பவில்லை என்பதைத் தனியாகக் கூற வேண்டியதில்லை. ஓர் ஊரின் பெயரைக் கொடிய நோய்க்கு வைக்கும் வழக்கம் அந்த ஊருக்குச் செய்யும் அநியாயம் என்றே நானும் நினைக்கிறேன்.

ஆய்வகத்தில் கிடைத்த இந்த உறவுமுறை கால்நடைத் துறைக்கு இரண்டு கருவிகளைக் கொடுத்தது. ஹெண்ட்ராவுக்காக ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் உள்ள விலங்கு நல ஆய்வகம் உருவாக்கியிருந்த எலைசா ரத்தப் பரிசோதனையைப் பன்றிகளுக்குப் பயன்படுத்த முடிந்தது. ஈப்போவிலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் அந்தச் சோதனை நிறுவப்பட்டது. வைரஸ் எங்கிருந்து வந்திருக்கக்கூடும் என்பதற்கான திசையும் தெரிந்தது. ஹெண்ட்ராவின் மூலம் பழந்தின்னி வௌவால் என்பது 1996இலேயே கண்டறியப்பட்டிருந்தது.

கொன்று புதைத்தலும் ரத்தப் பரிசோதனையும்

நோய்ப் பகுதிகளில் மக்கள் வெளியேற்றப்பட்டு, ராணுவத்தினரும் காவல்துறையினரும் கால்நடைத் துறையினரும் இறக்கப்பட்டனர். பன்றிகள் சுடப்பட்டுக் குழிகளில் புதைக்கப்பட்டன. பிப்ரவரி இறுதி தொடங்கி ஏப்ரல் 26 வரை 896 பண்ணைகளில் 9,01,228 பன்றிகள் இவ்வாறு கொல்லப்பட்டன. பன்றிகளைப் பற்றி முன்னனுபவம் இல்லாத சிப்பாய்கள் இந்த வேலையில் பெருமளவில் ஈடுபட்டும், மிகச் சிலரின் ரத்தத்தில் மட்டுமே தொற்றின் தடயம் பின்னர் தெரிந்தது. மருத்துவமனைகளில் நோயாளிகளைப் பராமரித்தவர்களிடையேயும் நோய் பரவவில்லை. மலேசிய நிகழ்வில் மனிதனுக்கு மனிதன் பரவுதல் மிக அரிது. தொற்றைப் பெருக்கியது பன்றியே. அதனால்தான் பன்றிகளை அகற்றியதும் மனித நோய் அடங்கியது.

இரண்டாம் கட்டம் நாடகத்தன்மை குறைந்தது; ஆனால் அறிவியல் நோக்கில் அதுவே முக்கியமானது. நோய்ப் பகுதிக்கு வெளியே, இருமல் கேட்காத பண்ணைகளில் வைரஸ் ஒளிந்திருக்கிறதா என்பதை எப்படி அறிவது? ஏப்ரல் 21 முதல் ஜூலை 20 வரை தீபகற்ப மலேசியா முழுவதும் 889 பண்ணைகளில் தாய்ப்பன்றிகளின் ரத்தம், குறைந்தது மூன்று வார இடைவெளியில் இருமுறை எடுக்கப்பட்டது. தாய்ப்பன்றியைத் தேர்ந்ததில் ஒரு நுட்பம் உண்டு. வளரும் பன்றி ஆறு மாதத்தில் இறைச்சிக்குப் போய்விடும். தாய்ப்பன்றியோ ஆண்டுக்கணக்கில் அதே பண்ணையில் இருக்கும். பண்ணைக்குள் எப்போதோ வந்துபோன தொற்றையும் அதன் ரத்தம் நினைவில் வைத்திருக்கும். இருமுறை எடுத்ததால், முதல் முறை எடுத்தபோது அப்போதுதான் உள்ளே நுழைந்துகொண்டிருந்த தொற்றும் இரண்டாம் முறையில் அகப்படும். இவ்வாறு 50 பண்ணைகளில் தொற்று கண்டறியப்பட்டு, மேலும் 1,72,750 பன்றிகள் கொல்லப்பட்டன. அறிகுறியை மட்டும் நம்பியிருந்தால் இந்த 50 பண்ணைகளில் எத்தனை தப்பியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

நாய்களைப் பற்றிய அச்சமும் அப்போது இருந்தது. பன்றிகள் அகற்றப்பட்ட ஊர்களில் உரிமையாளர்கள் விட்டுச்சென்ற நாய்கள் திரிந்தன. நோய்ப் பண்ணைகளின் நாய்கள் தொற்றுக்கு ஆளாகியிருந்ததும் உறுதியாயிற்று. நாய்களிடையே வைரஸ் தானாகச் சுழன்று பரவுமானால் பன்றிகளைக் கொன்றதில் பயனில்லாமல் போயிருக்கும். ஆய்வில், தொற்றுள்ள நாய்கள் பன்றிப் பண்ணைகளை ஒட்டிய பகுதிகளில் மட்டுமே காணப்பட்டன. பன்றி போனபின் நாயிடம் அது நிலைக்கவில்லை.

வௌவாலைத் தேடி

ஹெண்ட்ராவின் மூலத்தைத் தேடிய பணியில் முன்னின்ற ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் ஹியூம் ஃபீல்டு, மலேசியக் கால்நடைத் துறையினரோடு சேர்ந்து காட்டுயிர் ஆய்வில் இறங்கினார். எலி, காட்டுப்பன்றி, பறவை என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சோதிப்பதைவிட, உறவுக்கார வைரஸ் வாழும் விலங்கின் உறவினரிடம் முதலில் போவது அறிவார்ந்த வழி. 14 இனங்களைச் சேர்ந்த 324 வௌவால்கள் பிடித்துச் சோதிக்கப்பட்டதில், ஐந்து இனங்களைச் சேர்ந்த 21 வௌவால்களின் ரத்தத்தில் நிப்பாவுக்கு எதிர்ப்பொருள் இருந்தது. அவற்றில் குறிப்பிடத்தக்கவை தீவுப் பழவௌவாலும், சிறகு விரித்தால் ஒன்றரை மீட்டர் வரை அகலமுள்ள பெரிய பழவௌவாலும்.

எதிர்ப்பொருள் என்பது வைரஸ் வந்துபோனதற்கான சாட்சி மட்டுமே. வைரசையே கையில் பிடித்தால்தான் வழக்கு முடியும். சுவா காவ் பிங் குழுவினர் தியோமான் தீவில் வௌவால்கள் தொங்கும் மரங்களுக்கு அடியில் விடியலுக்கு முன் பிளாஸ்டிக் விரிப்புகளை விரித்து வைத்தனர். இரவெல்லாம் மேய்ந்துவிட்டுத் திரும்பும் வௌவால்கள் சிறுநீர் கழிக்கும். விரிப்பில் விழுந்த துளிகளைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றியெடுத்தனர். வௌவால் கடித்துப் போட்ட பழங்களின் கடிவாயையும் அவ்வாறே ஒற்றினர். மூன்று மாதிரிகளில் வைரஸ் கிடைத்தது: இரண்டு சிறுநீரிலிருந்து, ஒன்று கடித்த ஜம்புப் பழத்திலிருந்து. இந்த மூன்றாவது மாதிரி எனக்கு மற்ற இரண்டையும்விடப் பெரிதாகத் தோன்றுகிறது. வௌவால் பழத்தை மென்று சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பும் பிராணி. அந்தச் சக்கை எந்தக் கொட்டகையில் விழுகிறது என்ற கேள்விக்கு அது இட்டுச்சென்றது.

வௌவாலுக்கு இந்த வைரசால் நோய் வருவதாகத் தெரியவில்லை. ஈப்போ கால்நடை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சோஹயாத்தி அப்துல் ரகுமானின் குழு, பிடித்து அடைத்து வைத்த பெரிய பழவௌவால்களைத் தொடர்ந்து கண்காணித்தது. வெளியிலிருந்து தொற்று வர வழியில்லாத நிலையில் ஒரு வௌவாலிடம் வைரஸ் மீண்டும் தலைதூக்கியது. உடலில் ஒடுங்கியிருந்து, பின்னர் எப்போதாவது வெளிப்படும் இயல்பு அதற்கு உண்டு என்பதை இது காட்டியது.

அந்தப் பண்ணையில் ஏன்?

வௌவாலும் வைரசும் காலங்காலமாக இருப்பவை. அப்படியானால் 1998இல் ஏன்? முதலில் முன்வைக்கப்பட்ட விளக்கம், இந்தோனேசியக் காட்டுத்தீயால் 1997இல் எழுந்த புகைமூட்டமும் எல் நினோ வறட்சியும் காட்டுப் பழங்களைக் குறைத்து வௌவால்களை ஊருக்குள் விரட்டின என்பது. கேட்பதற்குப் பொருத்தமாக இருந்ததால் அது வெகுவாகப் பரவியது. ஆனால் பழைய மருத்துவமனைப் பதிவுகளையும் பண்ணைப் பதிவுகளையும் தோண்டிப் பார்த்தபோது, ஈப்போவுக்கு அருகிலிருந்த தொடக்கப் பண்ணையோடு தொடர்புடைய மனித நோய் 1997 தொடக்கத்திலேயே தென்பட்டது. புகைமூட்டம் அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் வந்தது. பின்னால் வந்த காரணம் முன்னால் நடந்ததை விளக்க முடியாது.

ஜூலியட் புல்லியமும் பிறரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு விளக்கத்தைத் தந்தது. தொடக்கப் பண்ணையில் 30,000க்கும் மேற்பட்ட பன்றிகள் இருந்தன. கொட்டகைகளை ஒட்டியே வணிக அளவில் மாமரங்களும் நடப்பட்டிருந்தன. பன்றிச் சாணம் மரத்துக்கு உரம், மரம் கொட்டகைக்கு நிழல், பழம் கூடுதல் வருமானம். எந்த வேளாண் அதிகாரியும் பாராட்டியிருக்கக்கூடிய ஏற்பாடு. பழுத்த மாம்பழத்திற்கு வௌவால் வந்தது, கடித்த பழம் கொட்டகைக்குள் விழுந்தது, பன்றி தின்றது.

ஆனால் ஒருமுறை விழுவதால் மட்டும் நோய் நீடிக்காது என்பதே அந்த ஆய்வின் நுட்பமான பகுதி. தொற்றே அறியாத பண்ணைக்குள் வைரஸ் முதன்முறை நுழைந்தால் காட்டுத்தீ போலப் பரவி எல்லாப் பன்றிகளையும் தொட்டு, புதிதாகப் பற்ற ஆளின்றிச் சில மாதங்களில் தானே அணைந்துவிடும். பின்னர் இரண்டாம் முறை நுழையும்போது நிலைமை வேறு. தாய்ப்பன்றிகளுக்கு ஏற்கெனவே நோயெதிர்ப்பு இருக்கிறது. சீம்பாலில் அதைக் குட்டிகளுக்கும் தருகின்றன. குட்டிகளிடம் அது சில வாரங்களில் தேய்ந்துபோகிறது. ஆகவே பெரிய பண்ணையில் ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு தொகுதிக் குட்டிகள் பாதுகாப்பை இழந்து வைரசுக்கு இரையாகக் கிடைக்கின்றன. நெருப்பு பெரிதாக எரியாமல், அணையவும் செய்யாமல், கனன்றுகொண்டே இருக்கிறது. அந்தக் கனலிலிருந்துதான் விற்பனைக்குப் போன பன்றிகள் வழியாக மற்றப் பண்ணைகளுக்குப் பொறி பறந்தது. கொல்லைப்புறத்தில் நாலு பன்றி வளர்ப்பவரிடம் இது நடந்திருக்காது. ஆயிரக்கணக்கில் வளர்த்தது, வௌவாலை அழைக்கும் மரத்தை நட்டது, அதே வௌவால் மீண்டும் வந்தது என்ற மூன்றும் கூடியாக வேண்டும். பன்றிக் கொட்டகையருகே பழமரம் கூடாது என்பது அதன்பின் மலேசியப் பண்ணைகளில் கடைப்பிடிக்கப்படும் நடைமுறையாயிற்று.

பிறகு

உயிர் பிழைத்தவர்களில் சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் மூளைக்காய்ச்சல் திரும்பியது. புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தில் பன்றி வளர்ப்பு முடிவுக்கு வந்தது. மக்கள் வேறு பயிர்களுக்கும் வேறு தொழில்களுக்கும் மாறினர்.

மலேசியாவில் அதன்பின் நிப்பா மனிதரிடம் தோன்றவில்லை. 2001 முதல் வங்கதேசத்திலும் மேற்கு வங்கத்தின் சிலிகுரியிலும், 2018 மே மாதத்தில் கேரளத்தின் கோழிக்கோட்டிலும் அது தோன்றியபோது இடையில் பன்றியே இல்லை. வங்கதேசத்தில் ஈச்ச மரத்தில் இரவு கட்டிய பானையில் வௌவால் வாய்வைத்த பதநீர் வழியாக வந்தது. அங்கும் சிலிகுரியிலும் கோழிக்கோட்டிலும் நோயாளியிடமிருந்து உறவினருக்கும் மருத்துவமனைப் பணியாளருக்கும் பரவியது. மலேசிய அனுபவத்தை மனப்பாடம் செய்தவர் இங்கே பன்றியைத் தேடியிருப்பார். கோழிக்கோட்டில் முதலில் சோதிக்கப்பட்டவை, நோயாளி வீட்டுக் கிணற்றில் இருந்த பூச்சிதின்னி வௌவால்கள். அவற்றில் வைரஸ் இல்லை என்ற செய்தியைக் கேட்டு வௌவாலே காரணமில்லை என்று சிலர் பேசத் தொடங்கினர். பிறகு அந்த வட்டாரத்துப் பழந்தின்னி வௌவால்களைச் சோதித்தபோது வைரஸ் அகப்பட்டது. அதே இன வௌவால்கள் ஊர்ப்புறத்து ஆலமரங்களிலும் புளியமரங்களிலும் தொங்கும் தமிழ்நாட்டிலும் அவற்றின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் கண்டறியப்பட்டுள்ளது. அவற்றுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர்களும் இங்கு உண்டு. அந்த ஊர்களில் இதுவரை ஒருவருக்கும் நிப்பா வந்ததில்லை.